சீமை அத்தியில் விண்பதியம் போடுவது எப்படி: கிளை பார்ப்பதிலிருந்து குழியில் நடுவது வரை

கோவையில் எங்கள் தெருமுனை வீட்டில் ஒரு பழைய சீமை அத்தி மரம் நிற்கிறது. அதன் பழத்தைச் சாப்பிட்ட நாள் முதல் அதே மரத்தின் கன்று ஒன்று எங்கள் வீட்டிலும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேட்டபோது அந்த வீட்டு அம்மா, “எத்தனை கெளை வேணுமோ எடுத்துக்கங்க தம்பி, மரத்தை மட்டும் மொட்டையாக்கிப் போடாதீங்க” என்று மனதார அனுமதித்தார். மரத்திலிருக்கும் கிளையிலேயே பட்டையை வளையமாக உரித்து, ஈரப்பாசி வைத்துக் கட்டி, வேர் விட்ட பிறகு வெட்டி இறக்குவதுதான் விண்பதியம். அந்த முறையில் முதல் ஆண்டு மூன்று பதியங்கள் கட்டினேன், மூன்றும் வீணாயின. ஒன்றில் வேருக்குப் பதிலாகப் புதுப்பட்டை வளர்ந்து காயமே மூடிக்கொண்டது. ஒன்று உள்ளே காய்ந்து சருகானது. மூன்றாவது, பட்டை உரித்த இடத்திலேயே ஆடிக் காற்றில் ஒடிந்து தொங்கியது. அடுத்த ஆண்டு ஐந்து கட்டி நான்கைக் கன்றுகளாக இறக்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கும் மரம் ஒன்றுதான், கத்தியும் ஒன்றுதான். மாறியவை மிகச் சில செயல்களே என்பதால் அவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன். முதன்முறையாகப் பதியம் போடுபவரை மனத்தில் வைத்து எழுதியிருப்பதால், பழகியவர்களுக்குச் சில இடங்கள் அதிக விளக்கமாகத் தோன்றலாம்.

1. உங்கள் கண் முன் நிற்பது எந்த அத்தி என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

நாம் ‘அத்தி’ என்று சொல்லும்போது இரண்டு மரங்களைச் சேர்த்தே சொல்கிறோம். ஆற்றங்கரைகளிலும் கோயில்களிலும் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்ப்பது நாட்டு அத்தி. அதன் இலை பிளவில்லாமல், ஓரளவு வழவழப்பாக இருக்கும். கடையில் உலர்பழமாக விற்கப்படுவதும் நர்சரிகளில் ‘தேன் அத்தி’ என்ற பெயரில் கிடைப்பதும் சீமை அத்தி. அதன் இலை விரல்கள் விரித்ததுபோல் பிளவுபட்டு, தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருக்கும். காய்கள் இளங்கிளையின் இலைக்கணுக்களில் தனித்தனியாக வரும். இந்த வேறுபாடு தெரியாத நாளில், ‘பூனா அத்தி’ என்று சொல்லிக் கொடுத்த ஒரு கன்றை 350 ரூபாய்க்கு வாங்கி எட்டு மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அது நாட்டு அத்தி என்று இலையைப் பார்த்துக் கண்டுகொண்டேன். பழம் தின்று பார்த்த மரத்திலிருந்தே கன்று எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது அதனால்தான்.

விதையிலிருந்து வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சீமை அத்தியில் விதைக்கன்று தாய்மரத்தின் குணத்தைக் கொண்டு வராது, உண்ணத்தகாத காய் தரும் மரமாகவும் ஆகிவிடக்கூடும். நம் ஊரில் பயிராகும் ரகங்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுப்பவை என்பதால், அவற்றின் விதைகள் பெரும்பாலும் உள்ளீடற்றவை, முளைப்பதும் இல்லை. குச்சி வெட்டி நடுவது எளிய வழிதான், அத்தி அதற்கும் இணங்கும். ஆனால் மழைக்காலத்தில் குச்சிகள் அழுகுவது அதிகம். விண்பதியத்தில் கிளை தாய்மரத்திலேயே இருந்து உணவையும் நீரையும் பெற்றுக்கொண்டு வேர் விடுகிறது. இறக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை அடி உயரக் கன்று கையில் கிடைக்கிறது, குச்சியில் வந்த கன்றைவிட விரைவில் காய்க்கவும் செய்கிறது. அடுத்தவர் மரத்திலிருந்து ஒன்றிரண்டு கன்று மட்டும் தேவைப்படுபவருக்கு இதுவே ஏற்றது. நூறு கன்று வேண்டுமென்றால் குச்சிக்கே போய்விடுங்கள்.

கிளையைத் தொடுவதற்கு முன் இலைகளைப் பாருங்கள். மஞ்சள் திட்டுகள் ஒழுங்கின்றிப் பரவி, இலை கோணிச் சுருங்கியிருந்தால் அது தேமல் நோயாக இருக்கலாம். வைரஸால் வரும் அந்த நோய் பதியத்தோடு சேர்ந்தே உங்கள் வீட்டுக்கு வந்துவிடும், பிறகு மருந்தும் கிடையாது. மழைக்காலத்தில் இலையின் அடிப்புறத்தில் வரும் பழுப்புப் பொட்டுகள் துரு நோய். அது அசிங்கமாகத் தெரிந்தாலும், இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பதியம் போடுவதற்குத் தடையில்லை.

2. காலம்

மரம் துளிர்த்துக்கொண்டிருக்கும் காலமாக இருக்க வேண்டும், காற்றில் ஈரப்பதமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேரும் மாதம் ஊருக்கு ஊர் மாறும். கோவையில் ஆனி, ஆடி மாதங்களில் ஈரப்பதம் கிடைத்தாலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கிளையை விட்டுவைக்காது. எனவே நான் ஆவணி முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது கட்டினால் புரட்டாசி முடிவுக்குள் வேர் நிறைந்துவிடும், இறக்கிய கன்று வடகிழக்குப் பருவமழையின் குளிர்ச்சியில் தொட்டியில் நிலைகொள்ளும். சித்திரை, வைகாசியில் கட்டினால் பொட்டலம் வாரத்துக்கு ஒருமுறை காயும். மார்கழியில் மரமே சோம்பியிருக்கும்.

ஆவணிக்கு இன்னொரு வசதியும் உண்டு. பழ அறுவடைக்குப் பின் எப்படியும் கவாத்து செய்யவேண்டிய கிளைகளையே பதியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கவாத்தை ஆறு வாரம் தள்ளிப்போட்டு, வெட்டி எறிய இருந்த கிளைகளைக் கன்றுகளாக இறக்குங்கள். மரத்துக்கு உரியவருக்கும் இதில் மனவருத்தம் வராது.

மாதத்தை நம்புவதைவிடப் பட்டையை நம்புவது நல்லது. ஒரு சிறு கிளையில் கத்தியால் கீறிப் பட்டையைத் தூக்கிப் பாருங்கள். வாழைப்பழத் தோல்போல் வழுக்கிக்கொண்டு வந்தால் அது சரியான பருவம். பிய்ந்து பிய்ந்து வந்தால் மரம் இன்னும் தயாராகவில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்.

3. வாங்க வேண்டியவையும் ஆன செலவும்

நான் வாங்கிய விலையிலேயே சொல்கிறேன். ஒட்டுக் கத்தி ஒன்று 250 ரூபாய், ஸ்பேக்னம் பாசி 100 கிராம் 120 ரூபாய், கோகோபீட் 5 கிலோ கட்டி 180 ரூபாய், வேர்ப்பொடி டப்பா 80 ரூபாய், மின்வேலைக்குப் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப் 15 ரூபாய், எட்டுக்குப் பத்து அங்குல நாற்றுப்பைகள் ஐந்துக்கு 50 ரூபாய். மொத்தம் 695 ரூபாய். அலுமினியத் தாள் சமையலறையில் இருந்தது, கண்ணாடிபோன்ற பாலித்தீன் உறைகள் பழைய துணிப்பொட்டலங்களிலிருந்து கிடைத்தன. கத்தியும் பொடியும் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் வரும் என்பதால் பிறகு ஒரு கன்றுக்கு 30 ரூபாய்க்கு மேல் ஆகவில்லை.

பாசியும் கோகோபீட்டும் இரண்டுமே தேவையில்லை, ஒன்று போதும். பாசி ஈரத்தை நீண்ட நாள் வைத்துக்கொள்ளும், வேரும் அதில் அழகாக ஓடும், விலைதான் அதிகம். கோகோபீட் மலிவு, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. கழுவாத தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும், இளவேரின் நுனியை அது கருக்கிவிடும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, நீரைக் கொட்டி, மூன்று முறையாவது அலசுங்கள். முதல் நீர் தேநீர் நிறத்தில் வரும், மூன்றாவது நீர் வெளுத்துவிட வேண்டும்.

வேர்ப்பொடி என்பது இண்டோல் பியூட்ரிக் அமிலம் கலந்த தூள். அத்தி அது இல்லாமலும் வேர் விடும். ஐந்தில் இரண்டுக்குப் பொடி தடவாமல் விட்டுப் பார்த்தேன், அவையும் ஏறக்குறைய அதே வாரத்தில் வேர் காட்டின. எனவே பொடி கிடைக்கவில்லை என்பதற்காகப் பருவத்தைத் தவறவிடாதீர்கள். தேன், கற்றாழைச் சாறு, இலவங்கப்பட்டைத் தூள் என்று வரும் யோசனைகளை நான் கடைப்பிடிக்கவில்லை, தேன் தடவினால் எறும்பு வரும் என்பது மட்டும் நிச்சயம்.

4. கிளையைத் தேர்ந்தெடுத்தல்

பென்சில் கனத்துக்குக் குறையாமலும் கட்டைவிரல் கனத்துக்கு மிகாமலும், பச்சை மாறிச் சாம்பல் நிறத்துக்கு வந்த ஓராண்டுக் கிளையே ஏற்றது. நுனிப்பச்சை அழுகிவிடும். முதிர்ந்த கிளை வேர் விட்டாலும் தாமதமாகவே விடும். நுனியிலிருந்து ஒன்றிலிருந்து ஒன்றரை அடி கீழே, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழாகக் கத்தி வைக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே தொங்கும் கிளையைவிட மேல்நோக்கிய கிளையில் கன்று நேராக வரும். அந்தக் கிளையில் காய்கள் இருந்தால் கிள்ளிவிடுங்கள், காயும் வேரும் ஒரே கிளையின் உணவுக்குப் போட்டியிட வேண்டாம்.

ஒரே பெருங்கிளையின் பிரிவுகளில் மூன்று நான்கு பதியங்களை நெருக்கமாகக் கட்டாதீர்கள். நடுத்தரமான மரம் ஒன்றில் ஐந்து போதும்.

5. பட்டை உரித்தல்: முதல் ஆண்டு நான் தோற்ற இடம்

கத்திக்கு முன் கைகளைக் கவனியுங்கள். அத்தியின் பால் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் எரிச்சலும் கொப்புளமும் வரும், ஆறிய பின் கருந்தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். வலது மணிக்கட்டில் அப்படி ஒரு தழும்போடு நான் ஒரு திருமணத்துக்குப் போய், சமையலில் சுட்டுக்கொண்டதாகப் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மாலை நான்கரை மணிக்கு மேல், முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து வேலை செய்யுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணருகில் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, குறித்த கணுவுக்குக் கீழே கிளையைச் சுற்றி ஒரு வளையக் கீறல் போடுங்கள். அதற்கு 2.5 செ.மீ. கீழே இன்னொரு வளையம். இரண்டையும் இணைக்க நெடுக்காக ஒரு கீறல். பருவம் சரியாக இருந்தால், நெடுக்குக் கீறலில் கத்திமுனையை நுழைத்து நெம்பியவுடன் பட்டை மோதிரம்போலக் கழன்று வரும். கீறும்போது பட்டையின் ஆழத்தோடு கையை நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் கட்டையில் வெட்டு விழுந்தால் கிளை அந்த இடத்தில் ஒடியும். பால் வழிவது ஐந்து பத்து நிமிடத்தில் தானாக அடங்கும். அதுவரை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருங்கள்.

பட்டை வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. வெளுத்துத் தெரியும் கட்டையை விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள அந்த மெல்லிய படலம்தான் புதுப்பட்டையை உண்டாக்குவது. இலையில் ஆன உணவு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது, வேரிலிருந்து வரும் நீர் கட்டை வழியாக மேலே ஏறுகிறது. பட்டையை மட்டும் எடுத்துவிட்டால் நீர் தடையின்றி மேலே போகும், ஆகவே இலை வாடாது. இறங்கி வந்த உணவும் வேரூக்கிகளும் மேல் வளையத்தின் உதட்டில் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கத்திலிருந்துதான் வேர் கிளம்புகிறது. வழவழப்பான படலம் ஒரு நூலிழை அகலத்துக்கு மிச்சமிருந்தாலும் அதன் வழியே மரம் பாலம் கட்டிக்கொள்ளும், பிறகு அதற்கு வேர் விட வேண்டிய தேவையே இல்லை. நாற்பத்தைந்து நாள் காத்திருந்து நான் பிரித்த முதல் பொட்டலத்தில் இருந்தது புண் ஆறிய கிளை மட்டுமே.

ஆகையால் கத்தியின் பின்புறத்தால், வழவழப்பு நீங்கிச் சொரசொரப்புத் தட்டும் வரை சுற்றிலும் சுரண்டுங்கள். கிளையின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரல்நுனியால் தடவிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். அதன்பின் அரைமணி நேரம் காயவிட்டு, வேர்ப்பொடி இருந்தால் மேல் வளையத்தின் உதட்டில் மட்டும் ஈரத்தூரிகையால் மெல்லத் தடவுங்கள். கீழ் வளையத்தில் தடவுவதால் பயனில்லை, வேர் அங்கிருந்து வருவதில்லை.

6. பொட்டலம் கட்டுதல்

பாசியைக் குறைந்தது ஒருமணி நேரம் நீரில் ஊறவைத்து, கையால் இறுக்கிப் பிழியுங்கள். மறுபடி அழுத்தினால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. சொட்டச் சொட்டக் கட்டினால் காயம் அழுகும். முதன்முறை போடுபவர்கள் பெரும்பாலும் ஈரம் குறைந்து போகுமோ என்ற பயத்திலேயே இந்தத் தவறைச் செய்கிறார்கள்.

பாலித்தீனை ஏறத்தாழ 15 செ.மீ. அகலமும் 25 செ.மீ. நீளமும் உள்ள துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் கீழ் வளையத்துக்கு ஓரங்குலம் கீழே அதன் ஒரு விளிம்பைக் கிளையைச் சுற்றிக் கட்டிவிட்டால் அது ஒரு பைபோல நிற்கும். அதற்குள் பாசியைச் சாத்துக்குடி அளவுக்கு நிரப்பி, மேல் உதடு பாசியின் நடுப்பகுதியில் இருக்கும்படி சரிசெய்து, உள்ளே காற்றிடைவெளி இல்லாமல் உள்ளங்கையால் அழுத்தி, மேல்விளிம்பை டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். மேல்கட்டு நீர் புகாதபடி இருக்க வேண்டும், மழைநீர் கிளை வழியே வழிந்து உள்ளே இறங்கினால் பாசி சேறாகிவிடும். கீழ்க்கட்டு அத்தனை இறுக்கமாக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் தளர்வாக இருந்தால் தப்பித்தவறிப் புகுந்த நீர் வடிந்துபோகும்.

அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். வெயில் நேராகப் பட்டால் பொட்டலத்துக்குள் வேகும், வெளிச்சம் பட்டால் பச்சைப்பாசியும் படரும். கறுப்பு பாலித்தீனைத் தனியாகப் பயன்படுத்தினால் உள்ளே வேர் வந்ததா என்று பார்க்க முடியாது. கண்ணாடிபோன்ற பாலித்தீனும் அதன்மேல் கழற்றி மாட்டக்கூடிய தாளும் என்று இரண்டடுக்காக வைப்பதே சௌகரியம்.

கடைசியாக, ஒரு மூங்கில் குச்சியைப் பொட்டலத்துக்கு அரையடி கீழேயும் அரையடி மேலேயும் நீளும்படி வைத்துக் கிளையோடு சேர்த்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். பட்டை இழந்த இடம் எலும்பு முறிந்த கைபோன்றது, அதன்மேல் ஈரப்பாசியின் எடையும் சேர்கிறது. ஆவணியில் காற்று தணிந்துவிட்டது என்று நினைத்து இதை விட்டுவிடாதீர்கள்.

7. காத்திருக்கும் ஆறு வாரம்

பத்து நாளைக்கு ஒருமுறை தாளை விலக்கிப் பாருங்கள். பாலித்தீனின் உட்புறத்தில் நீர்த்துளிகள் பூத்திருந்தால் ஈரம் போதும். துளிகளே இல்லாமல் பாசி வெளுத்துத் தெரிந்தால், ஊசியில்லாத சிரிஞ்சில் பத்து மில்லி தண்ணீர் எடுத்து மேல்கட்டின் ஓரமாகச் செலுத்திவிட்டு மறுபடி டேப் ஒட்டுங்கள். எறும்பு ஏறினால் கிளையின் அடியில் வேப்பெண்ணெய் தடவிய துணியைச் சுற்றலாம். அணில்தான் பெரிய தொல்லை. கோகோபீட்டில் நீண்ட நார் கலந்திருந்தால் கூடுகட்ட அதை இழுப்பதற்காகவே பாலித்தீனைக் கிழிக்கும். என் ஐந்தாவது பதியம் போனது அப்படித்தான், நாரைச் சலித்து எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

என் பதியங்களில் முதல் வெள்ளை வேர் பத்தொன்பதாம் நாள் தெரிந்தது. உடனே வெட்டிவிட வேண்டும் என்று கை துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் வேர்கள் தடித்து, வெண்மையாக, தொட்டால் ஒடியும் தன்மையோடு இருக்கும், அவை மண்ணைப் பற்றும் வேர்கள் அல்ல. அவை மங்கிப் பழுப்பேறி, அவற்றின் பக்கங்களிலிருந்து மெல்லிய கிளைவேர்கள் ஓடி, பாலித்தீனின் எல்லாப் பக்கத்திலும் வேர் தெரிய வேண்டும். எனக்கு அது நாற்பதாம் நாளுக்கும் நாற்பத்தைந்தாம் நாளுக்கும் இடையில் நடந்தது. எட்டு வாரமாகியும் வேர் இல்லை, ஆனால் இலை பசுமையாகவே இருக்கிறது என்றால் அவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் படலப்பாலம் உருவாகியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டு, புதுப்பாசி வைத்துக் கட்டினால் அதே கிளை இரண்டாவது முறை வேர் விடும்.

8. வெட்டி இறக்குதல்: கன்றுகள் அதிகம் சாகும் கட்டம்

வேர் பிடித்த பதியங்கள் சாவது பெரும்பாலும் இந்த முதல் இரண்டு வாரத்தில்தான். அதுவரை தாய்மரத்தின் முழு வேர்த்தொகுதியும் நீர் கொடுத்துவந்த கிளைக்கு, வெட்டிய நொடியிலிருந்து ஒரு கைப்பிடி வேர் மட்டுமே ஆதாரம். ஆகவே இலையைக் குறைக்க வேண்டும். வெட்டுவதற்கு மூன்று நாள் முன்பே நுனியில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் காம்போடு அகற்றுங்கள், மிஞ்சியவை பெரிய இலைகளாக இருந்தால் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

நாற்றுப்பையில் செம்மண், ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமபங்காகக் கலந்து முன்கூட்டியே நிரப்பி நனைத்து வையுங்கள். தொழுவுரம் மக்காமல் சூடாக இருந்தால் மண்புழு உரத்தைப் பயன்படுத்துங்கள். ரசாயன உரம் எதுவும் வேண்டாம். மாலையில், பொட்டலத்தின் கீழ்க்கட்டுக்கு ஓரங்குலம் கீழே, கவாத்துக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஒரு கையால் கிளையைத் தாங்கிக்கொள்ளுங்கள், பொட்டலம் தரையில் விழுந்தால் வேர் நொறுங்கும். பாலித்தீனை மட்டும் கத்தரித்து நீக்குங்கள். பாசியை உதறவோ பிரிக்கவோ கூடாது, வேரோடு பின்னிக்கிடக்கும் உருண்டையை அப்படியே பைக்குள் இறக்கி, உருண்டைக்கு மேல் ஓரங்குலம் மண் போட்டு, சுற்றிலும் விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தம் பையின் ஓரங்களில் இருக்கட்டும், உருண்டையின் மேல் வேண்டாம். ஆட்டம் கொடுக்காமல் ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

கன்றை மூன்று வாரம் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். 50 விழுக்காடு நிழல்வலை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மாமரத்தடி போதும். முதல் வாரம் ஒரு பெரிய பாலித்தீன் உறையைக் குடைபோலக் கவிழ்த்து வைத்தால் இலை வாடுவது வெகுவாகக் குறையும். காலையில் அரைமணி நேரம் அதைத் திறந்துவிடுங்கள். இரண்டு இலையும் உதிர்ந்துவிட்டதே என்று கன்றைத் தூக்கி எறிய வேண்டாம், நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. என் கன்றுகளில் ஒன்று மொட்டைக்குச்சியாகப் பதினெட்டு நாள் நின்றுவிட்டுத்தான் துளிர்த்தது. அந்த நாட்களில் வாட்டத்தைக் கண்டு பயந்து மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதே கன்றைக் கொல்லும் செயல், மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

நான்காவது வாரம் காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு போய், எட்டாவது வாரத்துக்குள் முழு வெயிலுக்குப் பழக்கிவிடலாம்.

9. பெயர்ச்சீட்டும் பிற தாள்களும்

இது வீண்வேலை என்று நானும் நினைத்தேன். இரண்டு மரங்களிலிருந்து கன்று இறக்கி அருகருகே வைத்த மறுமாதம் எது எதுவென்று தெரியாமல் போனது. சீமை அத்தியில் பூனா, டிங்கர், டயானா, பிரௌன் டர்க்கி என்று பெயர்கள் வழங்கினாலும், இளங்கன்றில் இலையை மட்டும் வைத்து ரகத்தைப் பிரித்தறிவது எளிதல்ல. பழைய தயிர் டப்பாவை வெட்டிய பட்டையில் பென்சிலால் எழுதிக் கிளையில் கட்டுங்கள். மார்க்கர் மை வெயிலில் ஆறே மாதத்தில் மறையும், பென்சில் எழுத்து நிற்கும். கட்டிய நாள், முதல் வேர் தெரிந்த நாள், இறக்கிய நாள், எந்த மரம் என்ற நான்கு விவரம் போதும். ரகத்தின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள், ‘தெருமுனை வீட்டு மரம்’ என்று எழுதுவதே நேர்மையானது. என் கன்றுகளின் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்தவர் மரத்தில் போடும்போது எத்தனை கிளை, எப்போது வெட்டுவீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாடகை வீடாக இருந்தால் குடியிருப்பவரிடம் மட்டும் கேட்பது போதாது, வீட்டு உரிமையாளரின் அனுமதியும் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் பெட்டிக்குள் வைத்து அத்திக் கிளை கொண்டுவருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். தாவர இறக்குமதிக்கான 2003ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, நடவுப்பொருளுக்கு முன்கூட்டிய இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. அவை இல்லாத கிளையை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் விட்டாலும், நோயோடு வரும் ஒரு குச்சி உங்கள் தெருவிலுள்ள மரங்களுக்கெல்லாம் ஆபத்தாகலாம்.

10. தொட்டியா, நிலமா

பையின் அடித்துளைகளில் வேர் எட்டிப் பார்த்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆவணியில் கட்டியவற்றுக்கு இது தை மாதவாக்கில் வரும். தையில் நட்டால் கோடைக்கு முன் வேர் ஓரளவு இறங்கிவிடும், ஆனால் பங்குனி, சித்திரையில் வாரம் இருமுறை தண்ணீர் ஊற்ற உறுதி இருக்க வேண்டும். அது முடியாதவர்கள் 15 அங்குலத் தொட்டியில் வளர்த்து, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நடலாம். மாடியில் தொட்டியிலேயே வைத்துக்கொள்பவர்களுக்கு 18 அங்குலத் தொட்டி போதும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேரைக் கத்தரித்து மண் மாற்ற வேண்டும்.

நிலத்தில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழக் குழி எடுத்து ஒரு வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூடி நடுங்கள். பிண்ணாக்கை விட்டுவிடாதீர்கள், வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அத்தி மிக எளிதில் இரையாகும். முன்பு தக்காளியோ கத்தரியோ வேரில் முடிச்சுகளோடு வளர்ந்த இடமாக இருந்தால் அந்த இடத்தையே தவிர்த்துவிடுங்கள். செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், சுற்றுச்சுவர் ஆகியவற்றிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி நடுங்கள், ஈரத்தைத் தேடி ஓடும் வேர் சுவரை மதிக்காது. தோப்பாக வைப்பவர்கள் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 160 கன்று பிடிக்கும்.

பதியக் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். முதல் இரண்டு ஆடிகளுக்கு வலுவான முட்டு கொடுத்து, அடியில் காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும். முதல் ஆண்டே இலைக்கணுவில் காய் எட்டிப் பார்க்கும். மூன்றுக்கு மேல் விடாமல் கிள்ளிவிட்டு, கன்று இடுப்பளவு வந்ததும் நுனியை ஒருமுறை வெட்டிவிட்டால் பக்கக்கிளைகள் நான்கைந்து பிரியும், அடுத்த ஆவணியில் அவற்றிலேயே நீங்கள் பதியம் கட்டலாம்.